வேலைக்கும் நெடும்பயணத்துக்கும் சைக்கிள் பிரேம்: எந்தப் பொருளில் வாங்குவது?

ஸ்டீல் சொகுசு, அலுமினியம் முதுகைப் பதம் பார்க்கும், கார்பன் பொசுக்கென்று உடையும், டைட்டானியம் பேரன் காலம் வரை வரும். சைக்கிள் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது இந்த நான்கும்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நான்கை மட்டும் நம்பிப் போனால் தவறான சைக்கிளோடு வீடு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

என்னைக் கேட்டால் பிரேம் எந்தப் பொருளால் ஆனது என்பது ஐந்தாவது கேள்வி. எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள், எவ்வளவு அகலமான டயர் உள்ளே போகும், கேரியரும் மட்கார்டும் மாட்ட இடம் இருக்கிறதா, சைக்கிள் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்ற நான்கும் அதற்கு முன்னால் வரவேண்டும். இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு, பிரேம் பழுதானால் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசியுங்கள். பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் படி: சுமையை நிறுத்துப் பாருங்கள்

மனக்கணக்கு வேண்டாம், தராசில் வையுங்கள். வேலைக்குப் போகிறவர் பையில் மடிக்கணினி, மாற்றுடை, சாப்பாடு, பூட்டு எல்லாம் சேர்ந்தால் 5 முதல் 8 கிலோ வரும். நல்ல பூட்டு மட்டுமே ஒன்றரை கிலோவைத் தொடும். கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர் என்று கிளம்புகிறவர் 15 முதல் 25 கிலோ வரை ஏற்றுவார். பின் கேரியரில் பொதுவாக 25 கிலோ வரை என்று பொறித்திருப்பார்கள். பிரேமுக்கும் தயாரிப்பாளர் சொல்லும் மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு. ஓட்டுபவர், சைக்கிள், சாமான் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டதுமே ஒரு கவலை தீர்ந்துவிடும். சுற்றுப்பயணத்துக்கான ஸ்டீல் பிரேம் சுமார் இரண்டரை கிலோ இருக்கும். அதே அளவு அலுமினிய பிரேம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் உள்ளே வரும். வித்தியாசம் ஒரு தண்ணீர் பாட்டில். 20 கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவர் இந்த அரை கிலோவுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினமும் சைக்கிளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு வேண்டுமானால் அது உறைக்கும்.

இரண்டாம் படி: சொகுசு எங்கிருந்து வருகிறது?

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேசத்தான் வேண்டும்.

அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. அதன் அடர்த்தியும் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். டைட்டானியம் இரண்டிலும் ஏறக்குறைய பாதி. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் மூன்று உலோகங்களும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு. அப்படியானால் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபாடு எப்படி வருகிறது? குழாயின் விட்டத்தால். சுவரின் கனத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் எடை இரண்டு மடங்காகும், விறைப்போ எட்டு மடங்காகும். அலுமினியம் லேசாக இருப்பதால் குழாயைத் தாராளமாகப் பருக்க வைக்கலாம். கேனண்டேல் நிறுவனம் 1983-இல் பருத்த அலுமினியக் குழாய்களோடு வெளியிட்ட முதல் சைக்கிள் ஒரு பந்தய வண்டி என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் அது சுற்றுப்பயணத்துக்கான சைக்கிள்.

'அலுமினியம் முதுகைப் பதம் பார்க்கும்' என்ற பெயர், பருத்த குழாயோடு ஒல்லியான டயரில் காற்றைக் கல் மாதிரி அடைத்து ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. பிரேம் என்பது அடிப்படையில் இரண்டு முக்கோணங்கள். மேலிருந்து கீழாக அழுத்தினால் முக்கோணம் அவ்வளவு சுலபமாக வளையாது, எந்த உலோகமாக இருந்தாலும் சரி. டயர் அப்படியில்லை, பல மில்லிமீட்டர் அமுங்கி எழும். 25 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 40 மி.மீ. டயரைப் போட்டு, உங்கள் எடைக்கேற்பக் காற்றைக் குறைத்தால் கிடைக்கும் சுகம் எந்த பிரேமை மாற்றினாலும் கிடைக்காது. அடுத்து சீட், அதற்கடுத்து சீட்டைத் தாங்கும் கம்பி. சொகுசுக்காக மட்டும் ஸ்டீல் வாங்கப் போகிறவர் முதலில் டயரை மாற்றிப் பார்க்கட்டும்.

விறைப்பு உண்மையிலேயே முக்கியமாகும் இடம் வேறு. பின்னால் கனமான பைகளோடு சரிவில் வேகமாக இறங்கும்போது சில சைக்கிள்களின் முன்பாகம் திடீரென்று இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும். முதல் முறை அனுபவித்தவருக்கு அந்த இறக்கம் மறக்காது. பிரேம் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம். பழைய அளவு ஸ்டீல் பிரேம்களில் மேல் பார் 25.4 மி.மீ., ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடலுக்கு இறங்கும் சாய்வுக் குழாய் 28.6 மி.மீ. ஓட்டுபவர் மட்டும் ஏறினால் இனிமையாக இருக்கும் இந்த ஒல்லிக் குழாய்கள், 20 கிலோ ஏற்றினால் ஈரக் கயிறு மாதிரி துவளும். அதனால்தான் சுமைக்கென்று செய்யும் ஸ்டீல் பிரேம்களில் மேல் பார் 28.6, சாய்வுக் குழாய் 31.8 என்று ஒரு படி பருக்க வைக்கிறார்கள். வாங்கும் முன் காலி சைக்கிளை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பைகளில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக் கட்டி ஓட்டுங்கள். ஒரு கையை மெதுவாக எடுத்துப் பாருங்கள். எங்கேனும் உதறல் வந்துவிட்டால் பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு முட்டிகளாலும் மேல் பாரை அணைத்துக்கொண்டு மெல்ல பிரேக் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: துளைகளை எண்ணுங்கள்

சிரிப்பாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு புறமும், போல்ட் மாட்டும் துளை எத்தனை? இரண்டு இருந்தால் ஒன்றில் மட்கார்டும் இன்னொன்றில் கேரியரும் போகும். ஒன்றுதான் என்றால் இரண்டையும் ஒரே போல்ட்டில் தொங்கவிட வேண்டிவரும். வேலைக்குப் போகும் சுமைக்கு அது தாங்கும், நெடும்பயணத்துக்கு நான் அப்படிப் போகமாட்டேன். சீட்டுக்குக் கீழே கேரியரின் மேல்கால்களுக்குத் துளை இருக்கிறதா, முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கின் நடுப்பகுதியில் முன்கேரியருக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஃபோர்க். பிரேம் ஸ்டீல் அல்லது அலுமினியம் என்று எழுதியிருக்கும், ஃபோர்க் மட்டும் கார்பனாக இருக்கும். சில கார்பன் ஃபோர்க்குகளில் சுமைக்கான துளைகளும் எடை வரம்பும் கொடுத்திருப்பார்கள். துளை இல்லாத கார்பன் ஃபோர்க்கில் வளையக் கிளிப் போட்டு இறுக்கி கேரியர் மாட்டுவது கூடவே கூடாது. ஸ்டீல் குழாயில் அதே கிளிப்பை ரப்பர் வைத்துத் தாராளமாகப் போடலாம்.

அப்புறம் குதிகால். பெடலுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையில் போகும் கீழ்க்கம்பி சுற்றுப்பயண சைக்கிள்களில் பெரும்பாலும் 440 முதல் 460 மி.மீ. நீளம் இருக்கும். அதைவிடக் குட்டையானால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். பாதம் பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே மட்கார்டு போன பிறகும் விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

இந்த மூன்று படிகளிலும் தேறாத சைக்கிளை, அது டைட்டானியமாகவே இருந்தாலும், அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: இப்போது பொருள்

ஸ்டீல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் சாதிகள் உண்டு. மலிவான சைக்கிளில் வருவது ஹை-டென் என்ற சாதாரண ஸ்டீல். உறுதிதான், ஆனால் அதற்காகக் கனமான சுவர் வைக்க வேண்டும், எடை ஏறும். 4130 என்ற எண்ணோடு வருவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி. வலிமை கூடுதல் என்பதால் சுவரை மெலிதாக்கலாம். அதிலும் நல்ல குழாய்கள் நடுவில் மெலிந்து, வெல்டிங் வரும் இரு முனைகளிலும் தடித்திருக்கும். முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்பது வழக்கமான ஒரு அளவு. இப்படி முனை தடித்த குழாய்க்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமை வாங்கியது. 1935-இல் அவர்கள் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினக் குழாய் பல பத்தாண்டுகள் உலகச் சந்தையை ஆண்டது. பழைய பிரேம் ஒன்றில் அந்த எண் ஒட்டியிருந்தால் துரு எந்த அளவில் இருக்கிறது என்று கவனமாகப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கும் அருமையான வேலைக்கார வண்டி.

ஸ்டீலிடம் எனக்குப் பிடித்த குணம் அது பழுதாகும் விதம். பெரும்பாலும் விரிசல் மெதுவாக வளரும். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரியும், அதிலிருந்து துருக்கறை கசியும், பெடலில் புதுச் சத்தம் கேட்கும். பார்க்கத் தெரிந்தவருக்கு நேரம் கொடுக்கும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் யாரோ இடித்துத் தள்ளி ஒரு நசுங்கல் விழுந்தாலும் பொதுவாக ஓட்டிக்கொண்டே போகலாம். கியர் மாட்டும் காது வளைந்தால் பொறுமையாக நிமிர்த்தலாம். பின்சக்கரம் மாட்ட 130 மி.மீ. இடைவெளி உள்ள பழைய பிரேமை 135-க்கு விரித்துக்கூட வைப்பார்கள். அலுமினியத்தில் இந்த விளையாட்டெல்லாம் ஆகாது.

'எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஸ்டீலை ஒட்டிவிடலாம்' என்பதைப் பாதிதான் நம்பலாம். தடித்த ஹை-டென் குழாயை ஒட்டலாம். 0.6 மி.மீ. சுவரில், ஜன்னல் கம்பி ஒட்டும் ஆர்க் வெல்டிங் ராடை வைத்தால் ஓட்டை விழும். கேஸ் வைத்துப் பித்தளையால் ஒட்டத் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது, அதுவும் முனையின் தடித்த பகுதியில். அப்போதும் அதை வீடு போய்ச் சேர்வதற்கான ஒட்டாகத்தான் நினைக்க வேண்டும். இன்னொன்று: வழியில் உடைவது பெரும்பாலும் பிரேம் இல்லை. சக்கரக் கம்பி, கேரியரின் கால், கேரியர் போல்ட், ரிம் என்று இவைதான் முதலில் போகும். ஸ்டீலை ஒட்டலாம் என்ற வசதி கேரியருக்குத்தான் அதிகம் உதவும். அலுமினிய பிரேம் வாங்கினாலும் கேரியரை மட்டும் ஸ்டீலில் வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

குறை துரு. அதுவும் உள்ளிருந்து வரும். சீட் கம்பி வழியாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சு இருக்கும் கூட்டில் தேங்கும். கடற்காற்று அடிக்கும் இடத்திலும், பனியை உருக்க உப்புப் போடும் சாலையிலும் இது வேகமாக நடக்கும்.

அலுமினியம் வேலைக்குப் போகிறவரின் உலோகம். துருப் பிடித்து ஓட்டை விழாது, லேசு, அதே பணத்தில் நல்ல பிரேக்கும் கியரும் சேர்ந்து வரும். 6061, 7005 என்ற இரண்டு எண்களை அடிக்கடி பார்ப்பீர்கள். இரண்டும் நல்லவைதான், எண்ணை வைத்துச் சண்டை போட ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது, வெல்டிங் செய்ததும் இரண்டுமே சூட்டுப் பதப்படுத்தலுக்குப் போகும் என்பதுதான். 6061-ஐ முழு பிரேமாக உலையில் 500 டிகிரிக்கு மேல் சுட்டு, சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பார்கள். பிறகு எங்கோ ஒரு பட்டறையில் விரிசலை வெல்டிங் செய்தால் அந்த இடத்தின் பதம் போய்விடும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், பக்கத்திலேயே மறுபடி உடையும்.

உலோகச் சோர்வு பற்றியும் பயமுறுத்துவார்கள். ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை, சின்னச் சின்ன அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஏட்டில் படித்தால் கலக்கமாக இருக்கும். வடிவமைப்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால் தேவைக்கு மேல் கனம் வைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனையில் எந்தப் பொருளாக இருந்தாலும் பிரேமைப் பெடல் அழுத்தத்தில் 1,00,000 சுற்று மிதித்துப் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் மார்க் பியூமான்ட் 2008-இல் 194 நாட்கள் 17 மணி நேரத்தில் உலகைச் சுற்றி முடித்தது கோகா நிறுவனத்தின் அலுமினிய சைக்கிளில்தான், சுமையைத் தானே ஏற்றிக்கொண்டு. உங்கள் அலுவலகம் அதைவிடப் பக்கம்.

அலுமினியம் வாங்கினால், கியர் மாட்டும் காது தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கும். அது வளைவதற்கென்றே செய்தது. அதே வடிவத்தில் இன்னொன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு, அவசரத்துக்குக் கிடைக்காது.

டைட்டானியம் துருப் பிடிக்காது, பெயிண்ட் வேண்டாம், கீறல் விழுந்தால் தேய்த்துவிட்டால் போயிற்று. பெரும்பாலும் 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த குழாய். ஆர்கான் வாயுச் சூழலில் கவனமாக வெல்டிங் செய்ய வேண்டும், விலை ஏறுவதற்கு அதுவும் காரணம். வெல்டிங் சுமாராக இருந்தால் டைட்டானியமும் விரியும், வழியில் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அபூர்வம். இருபது வருடம் ஒரே சைக்கிள், தினமும் மழை, பணம் தடையில்லை என்றால் வாங்குங்கள். வெளியில் பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டிய வேலைக்கு வாங்காதீர்கள்.

கார்பனை நான் வெறுக்கவில்லை. அதே பியூமான்ட் 2017-இல் 78 நாட்கள் 14 மணி 40 நிமிடத்தில் உலகைச் சுற்றியது கார்பன் சைக்கிளில். ஆனால் அந்த முறை உதவிக்குழு வண்டியில் கூடவே வந்தது. சுமை சைக்கிளில் இல்லை. கார்பன் இழைகள் எந்தத் திசையில் இழுவிசை வருமென்று கணக்கிட்டு அடுக்கப்பட்டவை. எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும் அடி, இறுக்கிய கிளிப், நாள் முழுக்க மண்ணோடு உரசும் பையின் பட்டை ஆகியவைதான் அதற்கு எதிரிகள். உள்ளே அடுக்கு விலகியிருந்தாலும் வெளியே பெயிண்ட் சிரித்துக்கொண்டிருக்கும். முதுகில் பையோடு தினமும் நீண்ட தூரம் வேகமாகப் போய், சைக்கிளை அறைக்குள்ளேயே நிறுத்துகிறவருக்குக் கார்பன் பொருந்தும். மூங்கில், மக்னீசியம் பிரேம்களும் உண்டு. ஆசைக்கு வாங்கலாம்.

ஐந்தாம் படி: பழுதானால் எங்கே இருப்பீர்கள்?

வேலைக்கு மட்டும் என்றால் பழுதான அன்று பேருந்தில் போய்விடுவீர்கள். அலுமினியம், அகலமான டயர், முழு மட்கார்டு, ஸ்டீல் கேரியர். யோசிக்க வேறொன்றுமில்லை.

வாரக்கணக்கில், கடைகள் அரிதான பாதையில், நிறையச் சுமையோடு என்றால் குரோமோலி பிரேமும் குரோமோலி ஃபோர்க்கும். எடையை மன்னித்துவிடலாம்.

இரண்டுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்கள் எத்தனை நாள் எதற்கு ஓட்டுகிறோம் என்று நேர்மையாக எண்ண வேண்டும். வருடத்தில் 220 நாள் வேலைக்கும் 10 நாள் ஊர் சுற்றவும் என்றால், துளைகளும் டயர் இடமும் உள்ள அலுமினிய சைக்கிள் அந்தப் பத்து நாளையும் சமாளிக்கும். கனவில் வரும் பயணத்துக்காக, தினமும் ஓட்டப்போகும் சைக்கிளைக் கனமாக வாங்கிவைப்பவர்கள் நிறையப் பேர். விதிவிலக்கு ஒன்று: நிறுத்துமிடத்தில் தினமும் நாலு சைக்கிள் உங்களுடையதன்மேல் சாயும் என்றால் வேலைக்கும் ஸ்டீலே நல்லது.

ஆறாம் படி: வாங்கும் நாளில், குறிப்பாகப் பழையது என்றால்

சைக்கிளைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முன் குழாயும் சாய்வுக் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம் முதலில். நேராக எதிலாவது மோதியிருந்தால் அங்கே பெயிண்ட் சுருங்கியிருக்கும், விரலால் தடவினால் வீக்கம் தெரியும். அடுத்து பெடல் கூட்டைச் சுற்றி, பின் அச்சு மாட்டும் இடம், டிஸ்க் பிரேக் பிடித்திருக்கும் இடம், சீட் கம்பியை இறுக்கும் வெட்டு. வெல்டிங் ஓரத்தில் கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயிண்ட் கீறலா, உலோக விரிசலா என்று சந்தேகம் இருந்தால் அலுமினியத்தில் நான் பேரம் பேசாமல் திரும்பிவிடுவேன். கார்பன் என்றால் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுங்கள். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமாக மாறினால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. அதன் பிறகு தட்டாமல் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

எந்தப் பொருளானாலும் சீட் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா என்று கண்டிப்பாகச் சோதியுங்கள்.

ஏழாம் படி: முதல் மழைக்கு முன்

இதைச் செய்யாமல் விட்டு நான் பட்டிருக்கிறேன். ஸ்டீல் பிரேமில் அலுமினியச் சீட் கம்பி. இரண்டு உலோகம், நடுவே மழைநீர், கொஞ்சம் வியர்வை உப்பு. மூன்று மழைக்காலம் கழற்றவே இல்லை. அலுமினியம் அரித்து, அந்த ஆக்சைடு ஊதிப் பெருத்துக் கம்பியை உள்ளேயே கவ்விக்கொண்டது. ஊடுருவும் எண்ணெய், வெந்நீர், இரண்டு பேர் பிடித்து முறுக்கல் என்று எதற்கும் அசையவில்லை. கடைசியில் மேலே அறுத்துவிட்டு, மிச்சத்தை உள்ளிருந்து ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

அதனால் சைக்கிள் வந்த முதல் வாரத்திலேயே சீட் கம்பியைக் கழற்றி, குழாயின் உள்ளே கிரீஸ் தடவுங்கள். கம்பியோ பிரேமோ கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று வரும் சொரசொரப்பான பசை இருக்கிறது. பெடலின் மரைக்கும் கேரியர் போல்ட்டுகளுக்கும் ஒரு சொட்டு கிரீஸ். ஸ்டீல் பிரேம் என்றால் உள்ளே துருத் தடுப்புத் திரவத்தையோ ஆளி விதை எண்ணெயையோ ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் உருட்டிப் புரட்டி, ஒரு நாள் தலைகீழாக வடியவிடுங்கள். ஆளி விதை எண்ணெய் காய்ந்து மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பெடல் கூட்டின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட் கம்பியில் உங்கள் உயரத்துக்கு ஒரு துண்டு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த அடையாளம் இருந்தால் கழற்றிப் பூச ஐந்து நிமிடம் போதும், வருடத்துக்கு இரண்டு முறை.